கொத்துரொட்டிக் கடை மாப்பிள்ளை

2024 மார்ச் 24, ஞாயிறு

கீழ் நான்கு வரிசைத் திராட்சைக் கொடியையும் கிளை கழித்து வெட்டி முடித்தாயிற்று. விரல்கள் மடங்க மறுக்கின்றன. பேனையைச் சின்னப்பிள்ளை மாதிரி முழுக்கையாலும் பிடித்து எழுதுகிறேன்.

பின்னேரம் வழி தவறி வந்த ஒரு தம்பதி காரை நிறுத்தினார்கள். மேலே இவ்வளவு ஒழுங்காக றீஸ்லிங் வைன் திராட்சைக் கொடி வைத்திருக்கிறீர்கள், கீழே இது என்ன பற்றைக்காடு என்று அந்த மனிதர் கேட்டார். பற்றைக்காடாம்! இது இந்த மண்ணின் சொந்தத் திராட்சை என்று சொன்னேன். ஐரோப்பாவிலிருந்து ஒரு கொடி கப்பலேறுவதற்கு முன்பே நயாகரா ஓடைக்கரைகளில் மரமேறித் திரிந்தது. பழம் சின்னன், கறுப்பு, வாயைக் கோணவைக்கும் புளிப்பு; அதனால் எவரும் மதிக்கவில்லை. எங்கள் காணிக்கு அடுத்த கரையில் ஓடும் ஓடைப் பள்ளத்திலிருந்து தடி வெட்டி நட்டு ஐந்து வருடம். மூலையில் நிற்கும் கோடைத் திராட்சை இன்னொரு சொந்த இனம், அது இன்னும் கைக்குழந்தை.

வைன் எப்படி இருக்கும் என்று அந்தப் பெண் கேட்டாள். போன வருடம் வந்த கொஞ்சத்தையும் குருவிகள் தின்றுவிட்டன, இந்த வருடம்தான் தெரியும் என்றேன். இரண்டு போத்தல் றீஸ்லிங் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

புதுவருடம். ஸ்காபரோவில், மாமியின் மில்லிக்கன் வீட்டில் எல்லோரும் கூடினோம். மாமி பொங்கிய பொங்கலுக்கு இந்த முறை முந்திரிகை வற்றல் தாராளம்; மாமிக்குத் திராட்சை என்றால் முந்திரிகைதான்.

மாமி இராஜேஸ்வரிக்கு வைன் என்ற சொல் வாயில் வராது. கோயில் ஆட்களிடம் "மகன்மாருக்கு நயாகராப் பக்கம் முந்திரிகைத் தோட்டம்" என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறா. அதில் பொய்யும் இல்லைத்தானே.

சாப்பிட்டு முடிய கரன் அண்ணை கதையைத் தொடங்கினார். என் கணவர் கீதனின் அண்ணர், தோட்டத்தில் பாதிப் பங்காளி, கிழமை முழுக்க ஸ்காபரோவில் வீடு விற்பவர். மடிப்புக் கலையாத சட்டை. கீழ் நான்கு வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் விலைபோகாத வீட்டைப் பார்க்கிற முகம் அவருக்கு வந்துவிடும்.

"துவாரகா, அஞ்சு வருசம் பாத்தாச்சு. இந்த முறை காய்ச்சு, குடிக்கக்கூடிய மாதிரி ஏதும் வந்தால் நிக்கட்டும். இல்லாட்டி வாற வசந்தத்தில கிளப்பிப்போட்டு றீஸ்லிங் வைப்பம்."

கன்று விற்கிற நாற்றுமேடையில் றீஸ்லிங்குக்கு ஏற்கெனவே சொல்லியும் வைத்துவிட்டாராம். வேண்டாம் என்றால் நவம்பர் முடிவதற்குள் சொல்லலாமாம். நான் கீதனைப் பார்த்தேன். கீதன் பொங்கலைப் பார்த்தார். பஸ் ஓட்டுகிற மனிதர். இரண்டு பக்கத்தாலும் வாகனம் வந்தால் அசையாமல் நிற்பதுதான் பாதுகாப்பு என்பது அவருடைய கொள்கை.

சரி என்றேன். ஐந்து வருடத்து வேலை, ஒரு பருவத்தில் தீர்ப்பு. பயமில்லை. கொடி நல்லாக நிற்கிறது.

எல்லாக் கொடியும் காய்க்குமா என்று அவர் கேட்டார். மறைக்க என்ன இருக்கிறது? காட்டுக்கொடியில் ஆண் வேறு பெண் வேறு, ஆண் காய்க்காது, அடையாளத்துக்குச் சிவப்பு நாடா கட்டியிருக்கிறேன் என்று சொன்னேன். கவனமாகக் கேட்டார். அட, மனிதருக்கு அக்கறை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

முதலிலிருந்து எழுதுகிறேன்.

நேற்று மகள் அட்சயாவின் நடனப் பரீட்சை. நான் தோட்டத்துக்குப் போகவில்லை. கரன் அண்ணை தானாகவே கேட்டார், நான் போய் ஒரு கை பிடிக்கிறன் எண்டு. எத்தனை வருடத்துக்குப் பிறகு! சந்தோசத்தோடு தோட்டப் பூட்டின் திறப்பைக் கொடுத்தேன்.

இன்றைக்குப் போய்ப் பார்த்தால் சிவப்பு நாடா கட்டின கொடி ஒன்றுகூட இல்லை. எல்லாம் நிலத்தோடு. மிச்சம் அடிக்கட்டை மட்டும். வெட்டின இடத்தில் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கிறது, கன்னத்தில் வடிகிற மாதிரி. நாடாக்களை அவிழ்த்து, அழகாகச் சுருட்டி, கம்பத்தில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். சுருட்டி!

போனில் கூப்பிட்டேன். குரலில் அவ்வளவு பெருமை.

"காய்க்காத கொடிக்கு ஏன் கம்பி, ஏன் பசளை? பாத்தியே, இப்ப இடம் எவ்வளவு வெளிச்சம்."

ஆண் பூ இல்லாமல் பெண் பூ எப்படிக் காய்க்கும்? அந்த மனுசனுக்கு இது தெரியாதோ? தெரிந்துதான் செய்தாரோ? நவம்பரில் பிடுங்கச் சொல்ல ஒரு காரணம் வேண்டும், அதை ஏப்ரலிலேயே செய்து வைத்துவிட்டாரோ?

கத்தரிகளை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். திறப்பு என் கழுத்துச் சங்கிலியில்.

மே 5, ஞாயிறு

வெடித்தது. மாமி, கீதன், கரன் அண்ணை எல்லோரும் இருக்கத்தக்கதாகவே கேட்டேன், வேண்டுமென்று வெட்டினீர்களா என்று.

அவருடைய முகம் சுருங்கிவிட்டது. "நான் உன்ர கொடியைக் கிளப்போணும் எண்டா, உன்ர முகத்துக்கு நேர சொல்லிப்போட்டுத்தான் கிளப்புவன். களவாய் வெட்டுற ஆள் இல்லை."

மாமி உடனே மகன் பக்கம். ஊரில் பப்பாசி வைத்தால் பூவைப் பார்த்து ஆண் மரத்தைத் தறிக்கிறதுதானே, அவன் அதைத்தானே செய்தான் என்று நியாயம் சொன்னா. பப்பாசி என்றால் பக்கத்து வளவில் எவனாவது ஒரு ஆண் மரம் வைத்திருப்பான் மாமி, இங்கே பக்கத்து வளவில் இருப்பது றீஸ்லிங், அது பூக்க இன்னும் இரண்டு கிழமை பிந்தும் என்றேன். மாமிக்கு விளங்கியது. விளங்கியதும் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா.

கீதனுக்கு இரண்டாம் தரம் சோறு வேண்டியிருந்தது.

கரன் அண்ணை சொன்னதை நான் நம்பவில்லை. நம்ப விருப்பம் இருக்கிறது, முடியவில்லை.

மே 19, ஞாயிறு

கரன் அண்ணையோடு கதை இல்லை. சமாதானத் தூதாக அவர் அனுப்பிய மாம்பழப் பெட்டியைத் திருப்பி அனுப்ப நினைத்தேன். அட்சயா அதற்குள் மூன்றைத் தின்றுவிட்டாள்.

மே 30, வியாழன்

பெண் கொடிகள் பூக்கத் தொடங்கிவிட்டன. பச்சைத் தொப்பி கழன்று விழுந்ததும் ஒவ்வொரு பூவின் நுனியிலும் ஒரு பொட்டு ஈரம். காத்துக்கொண்டு நிற்கிறார்கள், பாவங்கள்.

ஓடைப் பள்ளத்துக்கு இறங்கிப் போனேன். ஆண் கொடிகள் அங்கே நிறைய, ஆனால் பள்ளம் இன்னும் குளிர். வெயில் மத்தியானத்தில்தான் எட்டிப் பார்க்கும். மொட்டுகள் கல்லு மாதிரி இறுக்கம். ஒரு கிழமையாவது எடுக்கும். அதற்குள் மேலே பூக்கள் கருகிவிடும். ஒரு ஆண் கொப்பை வெட்டி வந்து வெந்நீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இலை வாடியது. மொட்டு அசையவில்லை.

படித்த படிப்பு, நொதிப்பு, அமிலம், எல்லாம் என்ன பிரயோசனம்? இரண்டு பூவைச் சேர்த்துவைக்க முடியவில்லை. கனகாலத்துக்குப் பிறகு வாய்விட்டு அழுதேன். மேலே றீஸ்லிங் மட்டும் கேட்டது.

ஜூன் 1, சனி

மத்தியானம் போன் அடித்தது. கரன் அண்ணை. எடுக்காமல் விட்டேன். திரும்ப அடித்தது. மூன்றாம் தரம் எடுத்தேன்.

"துவாரகா, வைச்சிடாத. போன வருசம் ஒரு பூவைக் கொண்டுவந்து என்ர மூக்குக்குள்ள வைச்சனியல்லோ. அந்த மணம் இஞ்ச மணக்குது."

எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சீமோன்ர கொத்துரொட்டிக் கடைக்குப் பின்னால."

போன வருடம் அந்தப் பூவை மணந்துவிட்டு ஒன்றும் மணக்கவில்லை என்று சொன்ன மனுசன்! மில்லிக்கனில் ஒரு வீடு காட்டிவிட்டு, கொத்துரொட்டி அடிக்கிற மன்னார்க்காரர் சீமோனிடம் றோல்ஸ் வாங்கி, பிளாசாவின் பின்பக்கத்தில் காருக்குள் இருந்து சாப்பிட்டிருக்கிறார். யன்னலைத் திறந்திருக்கிறார். கடையின் வேலிக்கம்பி முழுக்கக் காட்டுக்கொடி. இரவு பகலாகக் கடையின் புகைபோக்கி அதன்மேல் சூடு ஊதுகிறது. சுற்றிவரத் தார். மொத்த ஒன்ராறியோவுக்கும் முந்தி அதற்குக் கோடை வந்துவிட்டது.

படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். பெருப்பித்துப் பார்த்தேன். நேராக நிமிர்ந்து நிற்கும் மகரந்த நூல்கள், நடுவில் காயாகிற பிஞ்சு இல்லை. ஆண். சந்தேகமே இல்லாத ஆண்.

எவ்வளவு வெட்ட என்று கேட்டார். வெட்ட என்ற சொல்லைச் சொல்லிவிட்டு, அவரே அதை எடுக்க என்று மாற்றினார். பிறகு எப்படி வெட்டுவது, எப்படித் தண்ணீரில் வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்றார்.

ஜூன் 2, ஞாயிறு

காலையில் மாப்பிள்ளை வந்து இறங்கினார்.

கரன் அண்ணையின் வெள்ளைக் காருக்குள் பின் ஆசனம் முழுக்கப் பூங்கொப்பு. சீமோன் கொடுத்த வெறும் சோடாப் போத்தல்களில் தண்ணீர் விட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கொப்பு செருகி, சரியாமல் துவாயால் அணைத்திருந்தார். மகரந்தம் பறக்கக்கூடாது என்று யன்னல் பூட்டி, ஏசியும் போடாமல் வந்திருக்கிறார். அவருக்குப் பூமணம் ஒத்துக்கொள்ளாது. கண் இரண்டும் செக்கச்சிவப்பு. காரால் இறங்கியதும் வரிசையாகத் தும்மினார். மடிப்புக் கலையாத சட்டை மஞ்சள் பூத்துப்போய் இருந்தது.

சீமோனுக்கும் சந்தோசமாம். அந்த வேலியைத் துப்புரவாக்கு என்று பிளாசாச் சொந்தக்காரர் இரண்டு தரம் சொல்லியும், கொத்து அடிக்கிற கையால் கொடி வெட்ட நேரமில்லாமல் விட்டிருக்கிறார். மன்னார்க்காரரின் சோம்பலுக்கு ஒரு கோயில் கட்டலாம்.

பின்னாலேயே கீதன் தன் வான் வண்டியில் மாமியையும் மாமியின் கோயில் கூட்டாளிகள் நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் கேட்கவில்லை, மாமியின் ஏற்பாடு. வீட்டுப் பின்வளவில் கோடை முழுக்கப் புடோலுக்கும் பூசணிக்கும் விடியவிடிய ஆண் பூவைப் பிடுங்கிப் பெண் பூவில் தேய்க்கிறவர்கள். ஸ்காபரோவில் வண்டு குறைவு, மாமிமார் தாராளம்.

பூவைக் காட்டினேன். இவ்வளவு சின்னனா என்று ஒருவா கண்ணாடியை மாற்றிப் போட்டா. பிறகு வேலை தொடங்கியது. கீதனும் கரன் அண்ணையும் போத்தல்களைக் கம்பியில் கட்டித் தொங்கவிட, மாமிமார் ஆளுக்கொரு கொப்போடு வரிசைக்குள் இறங்கி, ஒவ்வொரு பூங்கொத்திலும் மெல்லத் தட்டித் தட்டிப் போனார்கள். யாரோ கலியாணப் பகிடி தொடங்க, நேரம் போகப்போக அது எழுத முடியாத பகிடியாகிவிட்டது. மாமி சிரித்துச் சிரித்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றா.

மத்தியானச் சாப்பாடு சீமோன் கட்டிக்கொடுத்த கொத்துரொட்டி. மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாடு.

மேலே பெரிய கட்டிடத்தில் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு அன்ரி கேட்டா. எல்லோரும் மாமியைப் பார்த்தோம். "முந்திரிகைச் சாறு," என்றா மாமி. "கொஞ்சம் நாள்பட்ட சாறு."

அன்ரி தலையாட்டினா. தன் கணவருக்கு ஒரு போத்தல் எடுக்கலாமா என்று போகும்போது என்னிடம் இரகசியமாகக் கேட்டா.

ஜூன் 8, சனி

ஓடைப் பள்ளத்தில் ஆண் பூ இன்றைக்குத்தான் விரிந்தது. மேலே பெண் பூ எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பிளாசா வேலி இல்லாவிட்டால்... வேண்டாம், எழுதமாட்டேன்.

காய் பிடித்ததா என்று இன்னும் தெரியவில்லை. கரன் அண்ணை கேட்கவில்லை. ஆனால் தினமும் காலையில் கீதனுக்குப் போன் அடித்து நயாகராவில் மழையா என்று கேட்கிறாராம். மழை பெய்தால் மகரந்தம் கழுவிப் போய்விடும் என்று எங்கேயோ வாசித்திருக்கிறார்.

ஜூன் 20, வியாழன்

பிடித்திருக்கிறது! பிடித்திருக்கிறது!

எல்லாக் கொத்தும் இல்லை. சில கொத்து பல்லு விழுந்த பிள்ளை சிரிக்கிற மாதிரி. ஆனாலும் மிளகு அளவில், பச்சையாய், உறுதியாய்.

கரன் அண்ணைக்குப் படம் அனுப்பினேன். ஏப்ரலுக்குப் பிறகு நானாக அனுப்பிய முதல் படம். பதிலுக்கு ஒரு கைகூப்பு. அதற்குப் பின்னால் ஒரு தும்மல் படம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வலை போட்டாயிற்று. குருவிகள் மேலே வந்து உட்கார்ந்து எங்களைத் திட்டுகின்றன. திட்டட்டும்.

வெட்டிய ஆண் கட்டைகளிலிருந்து புதுத் தளிர் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. காட்டுக்கொடிக்குச் சாகத் தெரியாது. ஒன்றைக் கம்பியில் கட்டப் போனால் யாரோ ஏற்கெனவே கட்டியிருக்கிறார்கள், சிவப்பு நாடாவும் திரும்பப் போட்டிருக்கிறார்கள். கீதனைக் கேட்டால் தனக்குத் தெரியாது என்கிறார். அந்த முடிச்சு கீதன் போடுகிற முடிச்சும் இல்லை. அவ்வளவு அழகாகக் கட்ட அவருக்கு வராது.

செப்டம்பர் 21, சனி

அறுவடை. பழம் சின்னன் என்பதால் நாள் முழுக்க ஆய்ந்தாலும் கூடை நிறையாது. மாமியின் படை திரும்ப வந்தது, இந்த முறை இரண்டு வான். ஆளாளுக்கு வாயும் நாக்கும் ஊதாவாகி, பேசும்போது பார்க்கப் பயமாக இருந்தது.

பிழிந்த சாறு ஒரு மரப்பீப்பாய்க்குக் காணாது. கண்ணாடிக் குடுவைகளில் விட்டேன். நிறம் இருட்டு. கரன் அண்ணை ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். ஒரு கண் மூடியது, மற்றது திறந்தே நின்றது.

ஒக்ரோபர் 27, ஞாயிறு

நொதித்து அடங்கிவிட்டது. நவம்பர் வருகிறது. வைன் இன்னும் கடும் புளிப்பு, குளிர்காலம் போனால்தான் இறங்கும். நாற்றுமேடைக்கு அந்த மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். எதைக் காட்டிக் கரன் அண்ணையைச் சம்மதிக்கவைப்பது? இப்போது இதைக் குடிக்கக் கொடுத்தால் நானே பிடுங்குவோம் என்று சொல்லிவிடுவேன்.

நவம்பர் 14, வியாழன்

இனியும் தள்ளிப்போட முடியாது என்று நானே நாற்றுமேடைக்குப் போன் அடித்தேன். றீஸ்லிங் கன்றுகளுக்கு இன்னும் இரண்டு மாதத் தவணை தருவீர்களா என்று கேட்கத்தான்.

அங்கே இருந்த பெண் கணினியில் தேடிவிட்டு, அப்படி எதுவும் இப்போது இல்லையே என்றாள். இருந்ததாம், வேண்டாம் என்று சொல்லியாயிற்றாம். யார் சொன்னது, எப்போது என்று கேட்டேன். உங்கள் பங்காளிதான், ஜூன் மூன்றாம் திகதி என்றாள்.

ஜூன் மூன்று. கலியாணத்துக்கு அடுத்த நாள். காய் பிடிக்குமா என்று எவருக்குமே தெரியாத நாள்.

இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை? சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன் என்று நினைத்திருப்பார். நம்பியிருக்க மாட்டேன்தான்.

கீதனிடம் சொன்னேன். தெரியும் என்றார். இந்த மனிதரை என்ன செய்வது?

2025 பெப்ரவரி 8, சனி

வெளியே கொட்டும் பனி. மில்லிக்கன் வீட்டில் முதல் போத்தலைத் திறந்தோம். நான், கீதன், கரன் அண்ணை, மதிப்பிற்குரிய விருந்தினராகக் கொத்துரொட்டியோடு சீமோன்.

புளிப்பு இறங்கியிருக்கிறது. முழுக்க இல்லை, இறங்கவும் வேண்டாம். நாவற்பழத் தோலும் மிளகும் கலந்த மாதிரி ஒரு வாசம், அதற்குப் பின்னால் மெலிதாக அந்தப் பூ. நான் இவ்வளவு வருடத்தில் செய்த எந்த வைனும் இப்படி இல்லை. எவர் செய்ததும் இப்படி இல்லை என்று சொல்ல வாய் வருகிறது. அடக்கிக்கொள்கிறேன்.

கரன் அண்ணை கிளாசை வெளிச்சத்தில் பிடித்தார், மணந்தார், குடித்தார். கிளாசை என் பக்கம் நீட்டினார். இன்னும் கொஞ்சம் விட்டேன்.

சீமோன் தன் கடைக்கு எத்தனை போத்தல் தருவாய் என்று கேட்டார். தன் வேலிக்குப் பங்கு உண்டாம். உண்டுதான்.

மாமி குசினியிலிருந்து வந்து, யாரும் பார்க்காத மாதிரி எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கிளாசுக்குள் சின்ன விரலைத் தொட்டு நாக்கில் வைத்தா.

"புளி கொஞ்சம் கூட," என்றா. "மீன்குழம்பு எண்டால் சரியாய் இருக்கும்."

மார்ச் 22, சனி

திரும்பவும் கொடி வெட்டும் காலம். பனி உருகி வரிசைகளுக்கு நடுவே சேறு. காலையிலேயே வெள்ளைக் கார் வந்து நின்றது. கரன் அண்ணை சப்பாத்தை மாற்றிக்கொண்டு இறங்கினார், கையில் ஈரப் பேப்பரில் சுற்றிய ஒரு கட்டுத் தடி. சீமோனின் வேலியில் வெட்டியது. பிளாசாக்காரர் இந்த வசந்தம் வேலியையே புதுசாகப் போடப் போகிறாராம். அதற்கு முந்தி மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்றார். வரிசைக்கு ஒன்று, தலைமாட்டில் நடலாமா என்று கேட்டார். நடலாம் என்றேன்.

பிறகு அந்தக் கட்டைக் கம்பத்தடியில் வைத்தார். கொடிகளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. கீதன் வர மத்தியானமாகும்.

சங்கிலியிலிருந்து திறப்பைக் கழற்றினேன். அலுமாரியைத் திறந்து, நல்ல கத்தரியாகப் பார்த்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"எதை வெட்டுறது எண்டு சொல்லித்தாவன்," என்றார்.

"உங்களுக்குத் தெரியும்," என்றேன்.

அவர் முதல் வரிசைக்குள் இறங்கினார். நான் தேநீர் போட உள்ளே போனேன். குசினி யன்னலிலிருந்து அந்த வரிசைகள் தெரியாது.